ஒரு நடிகருக்கு மூன்று வயது உண்டு

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கணக்கைக் கேட்கலாம்: "பையனுக்கு இப்ப பதினஞ்சு. இப்பவே சின்ன வேஷத்துல நுழைஞ்சிட்டா, இருபதுல ஹீரோவுக்குத் தம்பி, இருபத்தஞ்சுல ஹீரோ." சினிமா அலுவலகங்கள் இருக்கும் அந்தேரிக்கு ரயில் ஏறிவிட்டால் போதும், மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெறுவதைப்போல நடிப்பிலும் படிப்படியாக ஏறலாம் என்று நம்புகிறார்கள். அப்படி ஏறியவர்கள் ரொம்பக் குறைவு. பதின்ம வயதில் கிடைக்கும் வேலையும், பெரியவரான பிறகு கிடைக்கும் வேலையும் கிட்டத்தட்ட இரண்டு தனித்தனித் தொழில்கள். நடுவில் பள்ளம் ஒன்று இருக்கிறது. அது ஏன் இருக்கிறது, யார் எப்படித் தாண்டினார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். திரையில் வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று வயது. பிறப்புச் சான்றிதழில் இருப்பது முதலாவது. காமிராவில் தெரிவது இரண்டாவது. இதைத் திரை வயது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, பார்க்கிறவர்கள் மனதில் அவர் எந்த வயதில் பதிந்திருக்கிறாரோ அது. இந்தப் பிரிவினை நானாகச் செய்துகொண்டது. ஆடிஷன் நடத்துகிறவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் செய்தியில் 'பதினாறிலிருந்து பத்தொன்பது வரை தெரிகிற மாதிரி பையன் தேவை' என்றுதான் இருக்கும். அந்தத் 'தெரிகிற மாதிரி'யில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று வயதும் ஒன்றாக நகர்வதில்லை. '16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வந்தது. மயில் என்ற பெண்ணாக நடித்த ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட் 13. அதாவது படம் வெளியானபோது பதினான்கு நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. படத்தின் பெயரே அவரைவிட வயதில் மூத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'மூன்று முடிச்சு' படத்தில், கதைப்படி ரஜினிக்குச் சித்தியாகிற பெண்ணாக நடித்தபோது அவருக்குப் பதின்மூன்று. எதிர்த்திசையிலும் நடக்கும். 2009 டிசம்பரில் '3 இடியட்ஸ்' வந்தபோது, பொறியியல் கல்லூரி மாணவனாக நடித்த ஆமிர் கானுக்கு 44 வயது. யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை, தியேட்டர் நிரம்பி வழிந்தது.

பதினாறு வயது வேஷத்துக்குப் பதினாறு வயதுப் பையன் ஏன் கிடைப்பதில்லை?

கிடைப்பான்; தயாரிப்பாளர்தான் யோசிப்பார். காரணங்கள் சட்டத்தில் தொடங்குகின்றன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அதற்கான விதிகள் வந்தன. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வேலை செய்யக் கூடாது என்பது பொது விதி. சினிமா, தொலைக்காட்சி, விளம்பரத்தில் நடிப்பதற்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பதினெட்டு ஆனதும் அது அவர் கைக்கு வரும். இந்தக் கடைசி விதியைப் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. செட்டில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

பதினான்கு முடிந்தால் கெடுபிடி கொஞ்சம் தளரும், ஆபத்தான வேலைக்கு மட்டும் தடை தொடரும். ஆனால் கையெழுத்துப் பிரச்சினை தீராது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அம்மாவோ அப்பாவோதான் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிள்ளை வரமாட்டான். காதல் காட்சி என்றால் இன்னும் தலைவலி. இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் தயாரிப்பாளருக்கு, பதினாறாகத் தெரிகிற இருபத்தோரு வயதுப் பையனே லாபம். பன்னிரண்டு மணி நேரம் நிற்பான், தானே கையெழுத்துப் போடுவான்.

சட்டத்தை விட்டால் உடம்பு. பதின்மூன்று பதினான்கில் பையன்களுக்குக் குரல் உடைகிறது. மழைக்காலத்தில் தொடங்கிய படப்பிடிப்பு தள்ளிப்போய்க் கோடையில் தொடர்ந்தால், அதே காட்சியின் மறுபாதியில் அவன் நான்கு விரல்கடை உயர்ந்து, மீசை அரும்பி, வேறு குரலில் பேசிக்கொண்டு வந்து நிற்பான். காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநருக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது.

சரி, அப்படியானால் உண்மையான பதின்ம வயதினருக்கு என்ன வேலைதான் கிடைக்கும்? விளம்பரங்கள். தொலைக்காட்சித் தொடரில் வீட்டுப் பிள்ளை வேஷம். பள்ளிக்கூடக் கதைகளில் நண்பர் கூட்டம். எல்லாவற்றையும்விடப் பெரியது, கதாநாயகன் அல்லது கதாநாயகியின் இளவயது வேஷம். 2016இல் வந்த 'தங்கல்' படத்தில் மல்யுத்த வீராங்கனை கீதா போகட்டின் சிறுவயது வேஷத்தில் நடித்த ஸைரா வசீமுக்கு அப்போது பதினாறு. படத்தின் முதல் பாதியைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவர், சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும் வாங்கினார். அடுத்த ஆண்டே தனிக் கதாநாயகியாக ஒரு படம். 2019இல், பத்தொன்பது வயதைத் தொடுமுன்பே, நடிப்பை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டார். தன் நம்பிக்கை சார்ந்த காரணத்தைச் சொன்னார். அது அவர் முடிவு. நம் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டியது, விருதும் வெற்றியும் சேர்ந்தே வந்தாலும் அடுத்த படி தானாக அமையும் என்பதில்லை என்பதுதான்.

அதே படத்தில் வளர்ந்த கீதாவாக நடித்தவர் பாத்திமா சனா ஷேக். அவரும் குழந்தை நட்சத்திரம்தான். நம் 'அவ்வை சண்முகி'யை இந்தியில் கமல் 'சாச்சி 420' என்று எடுத்தாரே, 1997இல் வந்த அந்தப் படத்தில் மகளாக வந்த சிறுமி. அங்கிருந்து 'தங்கல்' வரைக்கும் 19 ஆண்டுகள். இடையில் அவர் செய்த சின்னச் சின்ன வேலைகளை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. அதனாலேயே புதுமுகம்போல வர முடிந்தது.

மறக்கப்படுவதும் ஒரு வசதி

மூன்றாவது வயதுக்கு வருவோம். நல்ல படத்தில் நல்ல வேஷம் போட்ட பிள்ளை மக்கள் மனதில் அந்த வயதிலேயே தங்கிவிடுகிறது. இருபதில் அவர் காதல் பாட்டுக்கு ஆட வந்தால், 'அட, அந்தக் குட்டிப் பொண்ணா இது!' என்று நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நடிப்பில் குறையே இருக்காது. நம் தலையில் உட்கார்ந்திருக்கும் பழைய படம் நகர மறுக்கிறது, அவ்வளவுதான்.

இதைத் தாண்டுவதற்குச் சினிமாக்காரர்கள் கண்ட ஒரு வழி, மொழி மாறுவது. மும்பைப் பெண் ஹன்சிகா மோத்வானியை இந்திக்காரர்கள் தொலைக்காட்சியிலும், 2003இல் வந்த 'கோயி மில் கயா'விலும் சிறுமியாகப் பார்த்திருந்தார்கள். 2007இல் தெலுங்கில் கதாநாயகி. தெலுங்கு ரசிகர்களுக்கு அந்தச் சிறுமியின் நினைவு இல்லை. அவர்களுக்கு அவர் புதுமுகம். 2011இல் 'மாப்பிள்ளை' மூலம் நம்மிடம் வந்தபோதும் அப்படித்தான். ஆனால் சான்றிதழ் வயதைப் பாருங்கள்: தெலுங்கில் கதாநாயகியானபோது அவருக்குப் பதினைந்து. மீனாவும் அப்படித்தான். 1984இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினியோடு குழந்தையாக நடித்தவர், 1990இல் தெலுங்கிலும் தமிழிலும் கதாநாயகியாகி, 1993இல் 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு ஜோடி. அப்போது பதினாறு. தமிழ்நாடு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு வந்தால் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளுமா என்பது சந்தேகம், ஏற்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

இன்னொரு வழி ஒதுங்கியிருந்து வேலை கற்பது. இதற்குக் கமலைவிட நல்ல பாடம் இல்லை. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா' வந்தபோது வயது ஐந்து. தொடர்ந்து சில படங்கள், பிறகு குழந்தை வேஷம் நின்றுவிட்டது. அந்த இடைக்காலத்தில் டி.கே. சண்முகம் நாடகக் குழு, பரதம், பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை. மற்றவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டு காமிராவுக்குப் பின்னால் நின்ற பையன் அவர். 1973இல் 'அரங்கேற்றம்' படத்தில் ஒரு சின்ன வேஷம். 1975இல் 'அபூர்வ ராகங்கள்'. பத்து ஆண்டுக்கு மேல் நீண்ட அந்த இடைவெளியைச் சும்மா காத்திருந்த காலம் என்று சொல்லிவிட முடியாது. குழந்தை நடிகரிடம் இல்லாத உடல் பயிற்சி முழுவதும் அப்போது வந்ததுதான்.

மும்பையில் இந்த இடைக்காலத்தைக் கழிக்க இடங்கள் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான நாடகப் போட்டிகளில் மராத்தி, இந்தி, குஜராத்தி நாடகங்கள் சக்கைப்போடு போடும். ஜூஹுவில் 1978 முதல் இயங்கும் பிருத்வி தியேட்டர் இருக்கிறது; நடிக்க வாய்ப்பு வராவிட்டாலும் பார்க்கவாவது போகலாம். டப்பிங் இன்னொன்று. இங்கே தயாராகும் விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் இங்கேயே தேவைப்படுகிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, எழுத்துக் கூட்டாமல் தமிழ் வாசிக்கத் தெரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே மதிப்பு உண்டு. நம் பிள்ளைகளில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது வேறு கதை.

குரல் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீதேவி 1979இல் '16 வயதினிலே'யின் இந்தி வடிவமான 'சோல்வா சாவன்' மூலம் இந்தியில் கதாநாயகியாகப் போனார், படம் ஓடவில்லை. 1983இல் 'ஹிம்மத்வாலா' அவரைத் தூக்கி நிறுத்தியது. ஆனாலும் இந்தி சரியாக வராததால் பல ஆண்டுகள் அவருக்கு வேறு பெண்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு படத்தில் இந்தி நடிகை ரேகாவே பேசியிருக்கிறார். 1989இல் வந்த 'சாந்தினி'யில்தான் சொந்தக் குரல். இன்றைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலும் செட்டிலேயே குரலையும் பதிவு செய்கிறார்கள். உச்சரிப்பு ஆடிஷனிலேயே தெரிந்துவிடும். மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு விசித்திரமான சங்கடம் வேறு. அவனுக்குப் பம்பாய் இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பெயரைக் கேட்டதும் 'மதராஸி' வேஷத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். சரளமாகப் பேசினால், 'கொஞ்சம் உடைத்துப் பேசு தம்பி' என்பார்கள். எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. நம் பிள்ளை எழுத்தாளனாகவோ இயக்குநராகவோ போய் அந்த வேஷத்தையே மாற்றி எழுதினால்தான் இது தீரும்.

ஆடிஷன் எப்படி நடக்கும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தேரிக்கு மேற்கே வெர்சோவாவில் ஆராம் நகர் என்ற பகுதி. பழைய பங்களாக்களில் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் அலுவலகங்கள். தாராவிக்காரர்கள் மாஹிமில் ஏறி அந்தேரியில் இறங்குவார்கள்; முலுண்டிலிருந்து வருகிறவர்கள் காட்கோபரில் இறங்கி மெட்ரோ பிடிப்பார்கள். வாசலில் நிற்பவர் உங்களை ஒரு பார்வை பார்த்து 'நாட் ஃபிட்' என்று சொல்லிவிடலாம். அது திரை வயதும் தோற்றமும் பொருந்தவில்லை என்பதற்கான சுருக்கெழுத்து, நடிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை. உள்ளே போனால் காமிராவுக்கு முன் பெயர், வயது, உயரம், இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிக் காட்டுதல், பிறகு ஒரு பக்க வசனம். இப்போது பாதிக்கு மேல் வீட்டிலேயே போனில் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். ஆடிஷனுக்குக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் திரும்பி நடந்துவிடுங்கள். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாக உள்ளே விடச் சொன்னாலும் அதேதான். வேலை கிடைத்தால், தொலைக்காட்சியில் சம்பளம் கைக்கு வர 90 நாள் ஆகும் என்பது இந்த ஊர் வழக்கம். வீட்டு வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

ஆணுக்கு ஒரு கடிகாரம், பெண்ணுக்கு ஒன்று

பையன்களுக்குக் கதாநாயக வயது பொதுவாகத் தாமதமாகத் தொடங்கி நெடுநாள் நீடிக்கிறது. பெண்களுக்குச் சீக்கிரம் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் சுருங்கத் தொடங்கும். டிம்பிள் கபாடியா 1973இல் 'பாபி' வந்தபோது பதினாறு வயதுப் பெண். அந்த ஆண்டே கல்யாணம். சினிமாவை விட்டு விலகினார். 1985இல் 'சாகர்' படத்தோடு திரும்பி வந்தபோது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 'ருதாலி' படத்துக்குத் தேசிய விருது வாங்கியது இன்னும் பல ஆண்டுகள் கழித்து. விட்டுப்போய்த் திரும்ப வந்து ஜெயித்தவர் என்பதால் அவரைப் பற்றிப் பேசுகிறோம். விட்டுப்போனதோடு முடிந்தவர்கள்தான் அதிகம்.

ஆண்கள் பக்கம் தனுஷ். 2002இல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோது வயது பதினெட்டு. பள்ளி மாணவன் வேஷம், மூன்று வயதும் அபூர்வமாக ஒரே புள்ளியில் நின்ற நேரம். அடுத்த ஆண்டே 'காதல் கொண்டேன்' படத்தில் கொஞ்சம் பயமுறுத்தும் வேஷத்துக்குத் தாவினார். 'பக்கத்து வீட்டு ஒல்லிப் பையன்' என்ற முத்திரை காய்வதற்குள் அதைக் கலைத்துவிட்டார் என்பதுதான் அவர் செய்த கெட்டிக்காரத்தனம். 2013இல் இந்தியில் 'ராஞ்சனா' செய்தபோது வயது இருபத்தொன்பது. காசியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையனாக, மறுபடியும் பள்ளிச் சீருடை. ஆறு ஆண்டு கழித்து 'அசுரன்' படத்தில் வளர்ந்த பையன்களுக்கு அப்பா, முப்பத்தாறு வயதில். அதே படத்தின் பிற்பகுதியில் அவரே இளைஞனாகவும் வருவார். 'ஆடுகளம்' படத்துக்குப் பிறகு சிறந்த நடிகருக்கான இரண்டாவது தேசிய விருது அவருக்கு அதில் கிடைத்தது. ஒரே படத்தில் திரை வயதை இருபுறமும் இழுக்க ஒரு கதாநாயகனுக்கு அனுமதி உண்டு. கதாநாயகிக்கு அந்த அனுமதி அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை.

அந்த அனுமதியைத் தானே எடுத்துக்கொண்டவர் நம் செம்பூரில் வளர்ந்த வித்யா பாலன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பதினாறு வயதை ஒட்டி, 1995இல் ஜீ டிவியில் தொடங்கிய 'ஹம் பாஞ்ச்' தொடரில் ஐந்து மகள்களில் ஒருவராக நடித்தார். பதின்ம வயதுத் தொடக்கம் அதுதான். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், அங்கிருந்து படிப்படியாக ஏறிக் கதாநாயகியாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சமூகவியல் படித்தார். மோகன்லாலுடன் மலையாளத்தில் தொடங்கிய படம் பாதியில் நின்றது. ராசியில்லாதவர் என்று முத்திரை குத்தி அடுத்தடுத்த படங்களிலிருந்து நீக்கினார்கள். தமிழில் இரண்டு படங்களில் எடுத்துக்கொண்டு பிறகு வேறு நடிகைகளைப் போட்டார்கள். விளம்பரப் படங்களில் நடித்துக்கொண்டே இருந்தார். 2003இல் வங்காளத்தில் ஒரு படம், 2005இல் 'பரிணீதா'. அப்போது அவருக்கு 26. தொடரில் வந்த பெண்ணை யாரும் தொடர்புபடுத்திப் பார்க்காத அளவுக்குக் காலம் ஓடியிருந்தது. மொழி மாற்றம், இடைவெளி, பயிற்சி என்று மேலே பிரித்துச் சொன்ன எல்லாமே அவர் கதையில் கலந்து கிடக்கின்றன. அவற்றில் பாதியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, தலையில் வந்து விழுந்தவை.

2009இல் 'பா' படத்தில், முதுமை முன்கூட்டியே வரும் புரொஜீரியா நோயுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அமிதாப் பச்சன் நடித்தார். அவருக்கு அப்போது 67 வயது. தேசிய விருதும் கிடைத்தது. சிறுவனின் அம்மாவாக நடித்த வித்யாவுக்கு 30. கதாநாயகியாகப் பெயர் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அம்மா வேஷமா என்று தயங்கும் வயது அது. ஒருமுறை அம்மா ஆகிவிட்டால் அம்மாதான் என்பது பம்பாய், சென்னை இரண்டு ஊரிலும் செல்லுபடியாகும் பழைய கணக்கு. அவர் விஷயத்தில் அது தப்பியது: இரண்டு ஆண்டு கழித்து 'தி டர்ட்டி பிக்சர்' வந்தது, சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்கு. அதற்கடுத்த ஆண்டு 'கஹானி'யில், பெரிய கதாநாயகன் யாரும் இல்லாமல், கர்ப்பிணி வேஷத்தில் படத்தைத் தனியாகவே ஓட வைத்தார்.